பதினான்கு பேரில் ஒருத்தி

வஜிமா
2000 அக்டோபர் 22

அமிதா புத்தர் துணை

தம்பி மொரிஹிகோவுக்கு,

நேற்று சனாயேவின் ஏழாம் வருஷச் சடங்கு நடந்தது. வந்திருந்தவர்கள்: நான், உன் அத்தான், அத்தானின் அக்கா, அவர் வீட்டுக்காரர், கோயில் குரு, சலவைக்கடைக் கொமாகி, சனாயேவோடு பள்ளியில் படித்த மிச்சிரு, அவள் மடியில் கைக்குழந்தை. குழந்தையைச் சேர்த்தால் எட்டுப் பேர். நீ வரவில்லை. நீ அனுப்பிய பேரிக்காய்ப் பெட்டி முந்தின நாளே வந்துவிட்டது. ஒன்றுகூட அடிபடவில்லை. யார் என்ன கொண்டுவந்தார்கள், நாங்கள் என்ன திருப்பிக் கொடுத்தோம் என்று வழக்கம்போல எழுதி வைத்தாயிற்று. உன் பெயருக்கு நேரே பேரிக்காய் என்று இருக்கிறது.

இங்கே எல்லோருக்கும் சுகம்தான். அத்தானுக்கு முழங்கால் வலி, அது குளிர் வந்தால் வருவது. உன் வயிறு எப்படி இருக்கிறது? ஒசாகாவில் கடைச் சாப்பாடுதானே சாப்பிடுகிறாய்.

சாப்பாட்டு வேளையில் கொமாகி என் காதருகே வந்தாள்.

"கினுயோக்கா, வெளையாட்டு மெஷின்ல காசு எடுக்க வர்றவன் சொன்னான். உங்க தம்பி கம்பெனியில 'இரும்பு வாசல்' நாலாவது வருதாம். இந்தத் தடவை பாதிப் பேரைக் கழட்டி விடறாங்களாம். நம்ம பொண்ணு இருக்காளான்னு கேளுங்க."

அத்தானின் அக்கா கேட்டுவிட்டார். "சடங்கு வீட்டுல என்ன விளையாட்டுப் பேச்சு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். முதல் விளையாட்டை நீங்கள் செய்தபோது, விடுமுறைக்கு உன் வீட்டுக்கு வந்திருந்த என் மகள் சனாயேவை உட்காரவைத்து, அதில் சண்டை போடும் இசோனே என்ற பெண்ணுக்குக் குரல் கொடுக்கச் சொன்னாய். சம்பளத்துக்கு ஆள் பிடிக்க வழியில்லை, அதனால் வீட்டுப் பெண் என்றாய். மறுவருஷம் ரத்தத்தில் நோய் வந்து அவள் போய்விட்டாள். எங்களிடம் அவள் படம் இருக்கிறது, சட்டை இருக்கிறது, குரல் இல்லை. வீட்டில் வைத்து ஆடும்படி இந்த விளையாட்டு வந்ததே இல்லை என்று நீதான் சொன்னாய். அவள் குரல் இந்த ஊரில் கொமாகியின் சலவைக்கடை மூலையில் நிற்கும் அந்த ஒரு மெஷினில்தான் இருக்கிறது.

இசோனே புதியதில் இருக்கிறாளா?

தொலைபேசியில் கேட்டால் நீ "ம்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா
கினுயோ


ஒசாகா
2000 நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் சுகம் என்று அறிந்து நிம்மதி. என் வயிறு பரவாயில்லை. சடங்குக்கு வராததற்கு என்ன சொன்னாலும் சாக்காகத்தான் இருக்கும். மன்னித்துவிடு.

கொமாகி அம்மாள் கேள்விப்பட்டது உண்மை. எங்கள் அறைச் சுவரில் பெரிய தாள் ஒட்டி, அதில் இருபத்து மூன்று அட்டை குத்தியிருக்கிறோம். பழைய மூன்று பாகங்களில் சண்டை போட்டவர்கள் பதினேழு பேர், புதிதாக வரைந்தவர்கள் ஆறு. இடம் பதினான்குதான். புதிய இயந்திரத்தில் ஒவ்வொருவரையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்கு மேல் செய்ய எங்களிடம் ஆளும் இல்லை, நாளும் இல்லை.

நல்லவர், அழகானவர் என்று பார்த்து யாரையும் வைப்பதில்லை, அக்கா. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. புதிதாக ஆட வருகிறவன் கையில் கொடுக்க ஒருவன். மெதுவாக வந்து ஒரே அடியில் சாய்க்கிற தடியன். கிட்டே போனால் பிடித்துத் தூக்கி எறிகிறவன். தூரத்திலிருந்தே தொல்லை கொடுக்கிறவள். பார்த்தால் சிரிப்பு வருகிற ஒருவன். ஒரே வேலைக்கு இரண்டு பேர் இருந்தால் ஒருவர் போக வேண்டும். இசோனே வேகமும் மெலிவுமானவள். அந்த வேலைக்கு அவளோடு இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள்.

நிழல் பரீட்சையில் அவள் தேறினாள். ஆளை முழுக்கக் கறுப்பாக நிரப்பிவிட்டு, யார் என்று கேட்போம். சிப்பி எடுக்க மூழ்குகிற பெண் என்பதால் அவள் இடுப்பில் மரத்தொட்டி தொங்குகிறதே, அதைப் பார்த்ததும் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் தங்களுக்குப் பிடித்தவர் யார் என்று ஆடுகிறவர்கள் எழுதி அனுப்பும் அட்டைகளின் கணக்கில் அவள் மிகவும் கீழே இருக்கிறாள்.

செகி என்று ஒரு பையன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். அவன் சொன்னான்: "அண்ணே, இவ பாவம். யாரும் சீண்டறதில்ல. மரியாதையா வீட்டுக்கு அனுப்பிடலாமே."

நான் டீ ஊற்றிக்கொண்டேன். அவனுக்குத் தெரியாது. இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

குளிர் ஏறுகிறது. அத்தான் முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளட்டும்.

மொரிஹிகோ


வஜிமா
2000 டிசம்பர் 10

அமிதா புத்தர் துணை

தம்பிக்கு,

முதல் பனி விழுந்து கூரை வெளுத்திருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

அட்டை எழுதி அனுப்பினால் கணக்கில் சேரும் என்று எழுதியிருந்தாயே, அது எனக்குப் போதும். கொமாகி கடையில் ஒரு கட்டு அட்டை இருந்தது. கோயில் பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். கோயிலுக்குக் கொடுக்கும் அரிசியைப் பையில் முடிந்து வைக்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று எழுதினார்கள். 'உங்களுக்குப் பிடித்த வீரர்' என்ற இடத்தில் இசோனே என்று போடச் சொன்னேன். 'ஏன் பிடிக்கும்' என்ற இடத்தில் அவரவர் தோன்றியதை எழுதினார்கள். மீன் கடை உமே, "கடல் வேலை செய்கிற பெண், மழைக்காலத்தில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தூரிகையால் எழுதியிருக்கிறாள். 'வயது' என்ற இடத்தில் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் உள்ளதையே எழுதினோம்.

நான் தினமும் ஒரு காசு போட்டு ஆடுகிறேன். கடைக்கு விடுமுறை விடும் செவ்வாய் தவிர. எனக்கு ஆடத் தெரியவில்லை. கொமாகி துணி மடித்துக்கொண்டே கிண்டல் செய்வாள்.

"கினுயோக்கா, அது மாவு பிசையிற குச்சியில்ல. இப்படிப் பிடிச்சா பொண்ணு எப்படி ஓடுவா?"

"ஓடாட்டிப் போறா. நிக்கட்டும்."

"நின்னா அடிப்பான்."

"அடிக்கட்டும்டி. அப்பத்தானே சத்தம் போடுவா."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கொமாகி துணியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் குரல் கேட்க வேண்டுமானால் யாராவது அவளை அடிக்க வேண்டும். வயிற்றில் பட்டால் ஒரு 'ஹக்'. விழுந்தால் நீளமாக ஒரு 'ஆ'. ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை மாதமும் அவள் ஒரு தடவைகூட அப்படிக் கத்தவில்லை, மொரிஹிகோ. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். இங்கே தினமும் கத்துகிறாள், நான் காசு போட்டுக் கேட்டுவிட்டு வந்து அரிசி களைகிறேன்.

அட்டைகள் தனிக் கட்டாக வருகின்றன. வந்து சேர்ந்ததா என்று எழுது.

கினுயோ


ஒசாகா
2001 ஜனவரி 14

அக்காவுக்குப் புத்தாண்டு வணக்கம்.

நீ அனுப்பிய அரிசி அப்பத்தை வேலை அறையிலேயே சுட்டுச் சாப்பிட்டோம். வீட்டுக்குப் போக முடியவில்லை.

அட்டைகள் வந்தன. செகி முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, இசோனேக்கு ஒரு படையே இருக்கு. எழுபத்து நாலு, அறுபத்தொம்பது, எண்பத்தொண்ணு. இவங்கல்லாம் எந்தக் கடையில வரிசையில நிக்கறாங்க?" பிறகு சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்ன அட்டையை உரக்கப் படித்தான். பாதியில் நிறுத்திவிட்டான். அதை இப்போது தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான். ஆனால் விற்பனைப் பிரிவு எல்லாவற்றையும் ஒரே அட்டையாகத்தான் கணக்கில் வைத்தது. ஒரே ஊர், ஒரே தபால் முத்திரை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. சுவரிலிருந்து கழற்றுகிற அட்டையைக் குப்பையில் போடமாட்டோம். மேசையில் படுக்கவைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் சாக்கே மது வைத்து, "இத்தனை நாள் உழைச்சதுக்கு நன்றி" என்று எல்லோரும் குனிவோம். முந்தாநாள் இரண்டு பேருக்குக் குனிந்தோம். இசோனே இன்னும் சுவரில்தான் இருக்கிறாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆரம்பத்திலிருந்து இருக்கிற ஆட்களுக்கு, கடைசியில் ஒரு பெயர் சொல்ல உரிமை. அந்தப் பெயரை ஓட்டுக்கு விடமாட்டார்கள். நான் இதுவரை அதைப் பயன்படுத்தியதில்லை. இப்போதைக்கு வாக்குக் கொடுக்க முடியாது, அக்கா.

மொரிஹிகோ


வஜிமா
2001 பிப்ரவரி 18

அமிதா புத்தர் துணை

தம்பிக்கு,

காற்று பலமாக இருக்கிறது. படகுகள் போகவில்லை. அத்தான் நாள் முழுக்க வீட்டில் இருப்பதால் இருவர் டீயையும் ஒருவரே குடிக்கிறார். காய்ந்த கணவாய் அனுப்பியிருக்கிறேன், செகிக்கும் கொடு.

போன வாரம் ஒரு அதிசயம் நடந்தது. லாரி ஓட்டும் ஒகிதா கொமாகி கடைக்குப் போர்வை உலர்த்த வந்திருந்தார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து என்னோடு ஆடினார். நடுவில் அவருக்குத் தும்மல் வந்தது. தும்மிக்கொண்டே இருந்தார். நான் பொத்தானைக் குத்திக்கொண்டே இருந்தேன். அவர் ஆட்டிய தடியன் விழுந்துவிட்டான்.

"போச்சு, ஒரு அம்மாகிட்ட தோத்தேன்னு ரோட்டுல சொல்லவா முடியும்?" என்றார் ஒகிதா.

அப்போது அவள் தொட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "அடுத்து யாரு?" என்றாள். கூடவே ஒரு சிறு சிரிப்பு. ஜெயித்தால் அப்படிச் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. நான் ஜெயித்ததில்லையே. குளித்துவிட்டு வந்து அடுத்தவரைக் கூப்பிடும்போது வீட்டில் அவள் அப்படியேதான் கேட்பாள். நீயே எழுதிக் கொடுத்தாயா, அவளாகச் சொன்னாளா?

குருவிடம் சொன்னேன். அவர் பொறுமையானவர். "அவ போய்ப் பொறந்த எடம் நல்ல எடம்மா. அவ அமிதாகிட்ட இருக்கா, மெஷின்ல இல்ல" என்றார். எனக்கும் அது தெரியும். காலையும் மாலையும் பெயரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன். அங்கே அவள் சுகமாக இருக்கிறாள், ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கேயிருந்து சத்தம் வருவதில்லை, தம்பி.

பட்டியல் எப்போது முடியும்?

கினுயோ


வஜிமா
2001 மார்ச் 20
(அஞ்சலட்டை)

தம்பிக்கு. சுகம். கணவாய் வந்ததா? கேட்டதற்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் அதையாவது எழுது. கினுயோ.


ஒசாகா
2001 ஏப்ரல் 8

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. கணவாய் வந்தது. இங்கே செர்ரி பூத்து உதிர்ந்துவிட்டதாம், நான் பார்க்கவில்லை.

இசோனே இருக்கிறாள். பதினான்கில் பதினான்காவது.

கடைசி நாளில் பதின்மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். மீதி ஒரே இடம். புதிதாக வரைந்த சவுக்குக்காரிக்குத்தான் எல்லோரும் கை தூக்கத் தயாராக இருந்தார்கள். நான் எழுந்து, எனக்கு உரிமையுள்ள அந்த ஒரு பெயரைச் சொல்கிறேன் என்றேன். எங்கள் இயக்குநர், "எட்டு வருஷமா வாயைத் தொறக்காத ஆளு, சரி, சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் தாளைப் புரட்டிவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். நான் ஒப்புக்கொண்டேன். அது வேலை சம்பந்தப்பட்டது.

சில மாற்றங்கள் இருக்கும். முடியைக் குட்டையாக்கியிருக்கிறோம். உடையும் வேறு. தொட்டி அப்படியே இருக்கிறது, அதை மாற்ற நான் விடவில்லை.

இன்னொன்று. மெஷினுக்குள் செருகும் புதிய விளையாட்டுப் பலகைகளில் உங்கள் மாவட்டத்துக்கு வரும் முதலாவது கொமாகி அம்மாளின் கடைக்கே வரும்படி சொல்லி வைத்திருக்கிறேன். அவர் எதுவும் தர வேண்டாம். என் அன்பளிப்பாக இருக்கட்டும்.

"அடுத்து யாரு" என்பதை நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவளாகச் சொன்னதுதான்.

மொரிஹிகோ


வஜிமா
2001 ஏப்ரல் 15

அமிதா புத்தர் துணை

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். அவர் வலைக்கொட்டகைக்குப் போய் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தார். நல்ல செய்தி ஆயிற்றே என்று சிவப்பு அரிசிச் சோறு சமைத்து அவள் படத்தின் முன்னால் வைத்தேன். சடங்கு நடந்த வீட்டில் சிவப்புச் சோறா என்று அத்தானின் அக்கா கேட்பார். கேட்கட்டும். கொமாகிக்கும் ஒகிதாவுக்கும் சங்கத்துப் பெண்களுக்கும் கொடுத்தேன். உமே, "பாத்தீங்களா, நான் எழுதினதாலதான் வச்சிருக்காங்க" என்கிறாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முடி குட்டையானால் என்ன, கடைசியில் அவளுக்கு முடியே இல்லையே. உடையும் அவர்கள் இஷ்டம்போல் இருக்கட்டும். குரலைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லை. அதில் எழுத என்ன இருக்கிறது, அவள் இருந்தால் குரலும் கூடவே இருக்கும். புதிய இயந்திரத்தில் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று காசு எடுக்க வருகிறவன் சொன்னானாம். இப்போது கொஞ்சம் கரகரவென்று இருக்கிறது. தெளிவாகக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன்.

நீ செய்ததற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன். உனக்காகவும் கும்பிடுகிறேன்.

கினுயோ


ஒசாகா
2001 ஜூன் 24

அக்காவுக்கு,

மழை விடவில்லை. வயிறு மறுபடி தொல்லை கொடுக்கிறது, மருந்து சாப்பிடுகிறேன். அத்தான் சுகமா?

ஜூலை பதினோராம் தேதி ஆள் வருவான். பலகையை மாற்ற அரைமணி நேரம் ஆகும். பழையதை எடுத்துக்கொண்டு போய்விடுவான், அதுதான் வழக்கம் என்று கொமாகி அம்மாளிடம் சொல்லி வை.

அதற்கு முன்னால் ஒரு தடவை போய் ஆடிவிட்டு வா, அக்கா. முடிந்தால் ஒகிதாவைக் கூட்டிக்கொண்டு போ. நீ ஜெயிக்கும்படி ஆடச் சொல்.

மொரிஹிகோ


வஜிமா
2001 ஜூலை 15

தம்பிக்கு,

இங்கே சுகம்.

நீ சொன்னபடி பத்தாம் தேதி போனேன். செவ்வாய்க்கிழமை என்பதை மறந்துவிட்டேன். கடை பூட்டியிருந்தது. கொமாகி வீட்டில் கேட்டுத் திறந்திருக்கலாம். நாளைக்குத் தெளிவான குரலே வரப் போகிறது, இதற்காக ஏன் அவளை எழுப்ப வேண்டும் என்று திரும்பிவிட்டேன். நீ ஏன் அப்படி எழுதினாய் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆள் வந்தான். பின்கதவைத் திறந்து பழைய பலகையைக் கழற்றினான். நான் அவனுக்குக் குளிர்ந்த பார்லி டீ கொடுத்தேன். புதியதைச் செருகினான். கொமாகி என்னை உட்காரவைத்து, "மொத ஆட்டம் அம்மாதான்" என்றாள். இசோனேயைத் தேர்ந்தெடுத்தேன். தொட்டி இருந்தது. நிற்கவைத்தேன். எதிரி வந்து அடித்தான்.

வேறு பெண் கத்தினாள்.

மெஷின் பழுதோ என்று இன்னொரு காசு போட்டேன். மறுபடியும் அவளே. கொமாகி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆள் டீயைக் குடித்துவிட்டு, "நல்லாருக்கில்லம்மா? இது டிவி-ல பேசற பொண்ணு. அவ பேருக்கே கூட்டம் வருமாம்" என்றான்.

பழையதைத் திருப்பி வை என்றேன். சிரித்தான். "அது வண்டிக்குப் போயிருச்சு. வர்றதெல்லாம் ஒசாகாவுக்குத்தான் போகும். அதுல இருக்கறதை அழிச்சுட்டு மேல புதுசு எழுதுவாங்க."

வண்டி வரைக்கும் போனேன். அதில் ஒரே மாதிரிப் பலகைகள் முப்பது நாற்பது கிடந்தன. எது கொமாகி கடையுடையது என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் போக வேண்டும் என்றான். வழி விட்டேன்.

இதுதானே அந்த நிபந்தனை? அவள் பேரை வைக்க அவள் குரலைக் கொடுத்தாயா? சுவரிலிருந்து அவளைக் கழற்றி, கிண்ணம் வைத்துக் குனிந்திருந்தால், புதிய பலகையை நீ இங்கே அனுப்பியிருக்கமாட்டாய். பழையது அந்த மூலையிலேயே இருந்திருக்கும்.

உன்னைத் திட்டவில்லை. கேட்கிறேன்.

கினுயோ


வஜிமா
2001 ஆகஸ்ட் 19

மொரிஹிகோ,

நீ அனுப்பிய கோடை வாழ்த்து அட்டை வந்தது. உங்கள் கம்பெனி அச்சடித்தது, பதினான்கு பேரும் வரிசையாக நிற்கிறார்கள். கீழே உன் கையெழுத்தில் "வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்" என்று மட்டும் இருந்தது. என் கடிதத்துக்கு அதுதான் பதிலா, அல்லது எல்லோருக்கும் அனுப்பியதில் ஒன்றா என்று தெரியவில்லை.

கனசவாவுக்குப் பேருந்தில் போய், பழைய விளையாட்டு இருக்கிறதா என்று இரண்டு இடத்தில் விசாரித்தேன். ஓரிடத்தில் மாற்றிவிட்டார்கள். இன்னோரிடத்தில் கடையையே மூடிவிட்டார்கள். ஒகிதா தான் லாரி நிறுத்தும் இடங்களிலெல்லாம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். இதுவரை ஒன்றுமில்லை. கொமாகி மெஷினின் மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். எனக்காக அவள் வருமானத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நானே துணியை எடுத்தேன்.

எடுத்தது பெரிய தவறு. பிறகு நான் தினமும் போனேன். ஏன் என்று கேட்காதே. போய்ப் பழகிவிட்டது. அந்த டிவிப் பெண் நன்றாகத்தான் செய்கிறாள். விழும்போதும் ஜெயிக்கும்போதும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதே வார்த்தைகளைத்தான் சொல்கிறாள்.

போன வாரம் சனாயேவுக்கு விளக்கு வைத்துக் கும்பிடும்போது, எப்போதும் செய்வதுபோல, அவள் வாசலில் நின்று "அம்மா, வந்துட்டேன்" என்று கூப்பிடுவதை மனதில் கொண்டுவந்தேன். கூப்பிட்டாள். அந்தப் பெண்ணின் குரலில் கூப்பிட்டாள். நிறுத்திவிட்டு மறுபடி நினைத்தேன். மறுபடியும் அதே குரல். அத்தானிடம் சனாயே எப்படிப் பேசுவாள் என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார், யோசித்தார், மூடிக்கொண்டார்.

அன்று நீ அவளை உட்காரவைத்துப் பதிந்த நாடா உங்கள் கம்பெனியில் இருக்கிறதா, இல்லையா? இருந்தால், அனுப்ப முடியாவிட்டாலும் பரவாயில்லை, நானே ஒசாகாவுக்கு வந்து ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிறேன். இல்லையென்றால் இல்லை என்று எழுது. என் உடம்பைப் பற்றி விசாரிக்க வேண்டாம். உன் வயிற்றைப் பற்றியும் எழுத வேண்டாம். இது ஒன்றை மட்டும் எழுது. சீக்கிரம் எழுது.

கினுயோ